துணைச் செல்கள்

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த பெட்டியை அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே, பனிக்கட்டிக்கு நடுவே ஒரு குப்பியில், அண்ணனின் மூளையில் பட்டாணியளவு துண்டு. ஆழத்திலிருந்த கட்டியை எட்டுவதற்காக வழியில் வெட்டியெடுத்த நல்ல சதை. வழக்கமாகக் குப்பைக்குப் போவது.

லாரி ஓட்டும் அண்ணன், அதை ஆய்வுக்குத் தரச் சம்மதக் கையெழுத்துப் போடும்போதும் சிரித்தான்.

"இத்தனை வருஷமா கொரங்கு மூளையவே பாத்துட்டிருந்த. இப்ப என்னோடதப் பாரு பாப்பா. பெருசா வித்தியாசம் இருக்காது."

"சும்மா இருண்ணா."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவமனையின் பின்கட்டடத்தில்தான் அவளுடைய ஆய்வகம். வேறு யாராவது செய்யட்டும் என்றார் தலைவர். அவள் கேட்கவில்லை. துண்டை மெல்லிய சீவல்களாக அறுத்து, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புநீரில் விட்டு, உயிருள்ள செல் இயங்கும்போது ஒளிரும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள். நரம்புச் செல்களுக்கு ஊட்டி, கழிவகற்றி, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் துணைச் செல்கள் திரையில் தெரிந்தன. சாதாரணக் குரங்குகளில் அவை சிறியவை. சிம்பன்சியிலும் மனிதனிலும் மட்டும், மணி கோத்தாற்போல் முடிச்சு விழுந்த நீண்ட கைகளோடு ஒரு வகை உண்டு. அக்கம்பக்கத்தையெல்லாம் தாண்டி நீளும் அந்தக் கைகள் எதற்கென்று யாருக்கும் தெரியாது. அண்ணனிடம் அவை நிறைய இருந்தன. அவனுடைய கட்டியும் அதே குடும்பத்துச் செல்லில் முளைத்ததுதான்.

போன் அடித்தது. அண்ணி.

"உள்ள ரத்தம் நிக்கலையாம். உங்கண்ணன் போயிட்டாருடி."

அவள் ஓடினாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், அவனுடைய செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"உங்கிட்ட கொடுத்தாங்களே. அதுவும் செத்துப்போச்சா?"

பொய் சொல்லிவிடலாம்தான். வாய் வரவில்லை.

"இல்ல அண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்."

"என்னக் கூட்டிட்டுப் போ."

"அது அண்ணன் இல்ல அண்ணி. வெறும்..."

"தெரியும். கூட்டிட்டுப் போ."

விளக்கணைத்த அறையில் அண்ணியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். முதலில் இருட்டு மட்டுமே. பிறகு ஒரு செல்லில் வெளிச்சம் ஊறி, நீண்ட கை வழியே தயங்கித் தயங்கிப் போய், பக்கத்துச் செல்லைத் தொட்டு அணைந்தது.

அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அடுத்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். உப்புநீரில் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன.