பழைய கிளிப்

அக்கா மரம் அறுக்கும் மிஷினைச் சாக்கோடு தம்பியின் மெக்கானிக் கடை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இது ஓட வேணாம். மாமா அன்னிக்குப் பெட்ரோல்ல ஆயில் கலந்தாரா இல்லையா, அதை மட்டும் பார்த்துச் சொல்லு."

அன்று பாதி மரம் அறுத்திருந்தபோது மிஷின் இறுகி நின்றுபோனது. மாமா அடிமரத்தின் பக்கத்திலேயே குனிந்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது, மரம் முதுகில் சாய்ந்தது. இரண்டு மாதமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறார். ஆயில் கலக்காமல் ஓட்டினால் எந்த மிஷினும் இறுகத்தான் செய்யும் என்று வேலைக்கு அழைத்துப்போன கான்ட்ராக்டர் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் பேசும். கொடுமை என்னவென்றால், மாமாவே அதை நம்பிவிட்டார். அன்று காலை அவசரத்தில் ஆயில் ஊற்றினோமா என்பது அவருக்கு நினைவில்லை. "என் கையாலயே என்னைக் கெடுத்துக்கிட்டேன்" என்று சுவரிடம் பேசுகிறார், சரியாகச் சாப்பிடுவதில்லை.

தம்பி பிளக்கைக் கழற்றினான். சைலன்சர், கார்ப்புரேட்டர், பிறகு சிலிண்டரின் நான்கு ஸ்க்ரூ. சிலிண்டர் அசைய மறுத்தது. மரச்சுத்தியலால் நாலு பக்கமும் தட்டித் தட்டி மேலே உருவினான். பிஸ்டன் ஈரமாக, பிசுக்கென்று இருந்தது. விரலால் தொட்டு அக்காவிடம் காட்டினான்.

"ஆயில்தான். நல்லாவே கலந்திருக்கார்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் குனிந்து பிஸ்டனை இன்னொருமுறை பார்த்தான். பிஸ்டன் பின்னை இருபுறமும் நகராமல் பிடிக்கும் கம்பி கிளிப் ஒருபுறம் இல்லை. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஆழமாக ஒரு கீறல். அதன் முடிவில், பிஸ்டனை இறுக வைத்த உடைந்த கம்பித் துண்டு செருகி நின்றது.

கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடக்கூடாது, குப்பையில்தான் போடவேண்டும். தொழில் கற்ற முதல் வாரமே தெரிந்த விஷயம். மூன்று மாதம் முன்பு இதே மிஷினின் பிஸ்டனைக் கழற்றி ரிங் மாற்றியபோது கடையில் புதுக் கிளிப் இல்லை. வேறு யாருடையதாக இருந்தாலும் நாளை வா என்றிருப்பான். நம்ம மாமாதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பழையதையே குறட்டால் நெரித்து மாட்டினான். சொந்தக்காரன் என்றால் இளப்பம்தான் நமக்கு.

"வா, நீயே வந்து அவர்கிட்ட சொல்லு" என்றாள் அக்கா.

கம்பித் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தான். ஆயில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? வழியெல்லாம் இதையே நினைத்தான்.

கட்டிலருகே நின்று, ஆயில் இருந்தது என்று சொன்னான். மாமா கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"அப்போ எதனால மாப்ள நின்னுச்சு?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. கம்பித் துண்டைப் போர்வைமேல் வைத்தான்.

"என்னால மாமா. பழைய கிளிப்பைப் போட்டுட்டேன்."

மாமா அந்தத் துண்டை எடுத்து விரல்களில் உருட்டிப் பார்த்தார். பிறகு அழுதுகொண்டே அக்காவின் கையைப் பிடித்தார்.

"நான் மறக்கலடி. கேட்டியா, நான் மறக்கல. பசிக்குது, ஏதாச்சும் குடு."

அக்கா தட்டில் சோறு போட்டுப் பிசைந்து ஊட்டினாள். நாலு வாய் இறங்கிய பிறகு, தம்பியைத் திரும்பிப் பார்க்காமலேயே பேசினாள்.

"எங்க வீட்டுச் சாவி ஒண்ணு உன்கிட்ட இருக்குல்ல. வெச்சுட்டுப் போ."