எண்பதாவது நிமிட நடிப்பு

தங்கச்சிக்கு அணியில் கொசு என்று பெயர். எதிரணிக்காரிகளின் காதருகிலேயே சுற்றிக்கொண்டிருப்பாள். விரட்டத் திரும்பினால் ஆள் இருக்க மாட்டாள், பந்து வலைக்குள் கிடக்கும். நாட்டுக்காக ஆடிய பெண்களில் அவளளவுக்குக் கோல் போட்டவள் கிடையாது. அக்காவுக்குப் பட்டப்பெயர் இல்லை. அணி முழுக்க அவளை அக்கா என்றே கூப்பிட்டது. அவள்தான் அணியின் பிசியோ, அடிபட்டவளைப் பார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறவள்.

தங்கச்சி தயவில் அக்காவுக்கு வேலை கிடைத்தது என்று பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? உண்மை தலைகீழ். வீட்டில் அம்மா இல்லை. அப்பா லாரியோடு கிளம்பினால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். பையன்களோடு பந்து உதைத்துவிட்டு முட்டி உரிந்து வருகிற குட்டிக்கு மருந்து போட்டுப் போட்டேதான் அக்கா இந்தப் படிப்புக்கே போனாள். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஒருத்திக்கு ஒருத்தி என்று ஆனார்கள்.

கால்பந்தில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. நம் அணி முன்னிலையில் இருக்கிறது, ஆட்டம் முடியப் போகிறது என்றால், எண்பது நிமிடத்துக்கு மேல் ஒருத்தி புல்லில் விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு உருளுவாள். பிசியோ போவாள். ஓடக் கூடாது, பிடிக்காத சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி நடக்க வேண்டும். தண்ணீர் தெளித்து, கட்டை அவிழ்த்துக் கட்டுவதற்குள் நேரம் கரையும். எல்லா நாட்டுக்காரர்களும் செய்வதுதானே என்று கோச்சும் கண்டுகொள்ளவில்லை. கொசு இதில் கைகாரி. அக்கா குனிந்து, "ராத்திரி என்னடி சாப்பிடலாம்?" என்பாள். உயிர் போகிற முகத்தோடே, "நூடுல்ஸ்" என்பாள் தங்கச்சி. நிஜமாகவே அடிபட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. அத்தனை வருஷத்தில் அந்தக் கை ஒரு தடவையும் எழுந்ததில்லை.

உலகக் கோப்பைக்குத் தகுதி பெற ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. நாட்டின் பெண்கள் அணி அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை. கொசுவுக்கு முப்பது தாண்டிவிட்டது. "ஒரே ஒரு உலகக் கோப்பை ஆடிட்டா போதும்க்கா. அப்புறம் நானே பூட்ஸைக் கழட்டிடுவேன்" என்று சாப்பாட்டுக்கு நடுவில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் பாதியிலேயே கோல் போட்டாள். கடைசி நிமிடங்களில், பக்கத்தில் ஒருத்தியுமே இல்லாத இடத்தில், பந்தோடு திரும்பும்போது விழுந்தாள். அடிப்பாவி, யாராவது கிட்ட வந்த பிறகு விழுந்திருக்கலாமே என்று அக்காவுக்குச் சிரிப்பு. பெட்டியை எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து போனாள்.

"இன்னைக்கு நடிப்பு ஓவர்டி. ராத்திரி என்ன சாப்பிடலாம்?"

தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள். அக்கா பேருக்கு முட்டியைத் தொட்டுத் தண்ணீர் தெளித்தாள். நடுவர் முறைத்துக்கொண்டு வந்தார். "போதும், எந்திரி" என்று அக்கா கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். எழுந்தாள். கோட்டுக்கு வெளியே நின்றாள், நடுவர் கைகாட்டியதும் உள்ளே ஓடினாள். சில எட்டு வைத்து, அதே காலை ஊன்றித் திரும்பினாள். முட்டி மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. இந்தத் தடவை அக்கா ஓடினாள்.

அணி ஜெயித்தது. எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தபோது அக்கா ஆம்புலன்ஸில் இருந்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். முதலில் ஜவ்வு லேசாகத்தான் கிழிந்திருக்கும். மறுபடி ஊன்றியதில்தான் மொத்தமாக அறுந்து பக்கத்தில் இருந்ததையும் நாசம் பண்ணிவிட்டது என்றார். நடக்கலாம். ஆட முடியாது.

ஆட முடியாது என்பதை மட்டும் தங்கச்சியிடம் சொன்னாள். மிச்சத்தை மறைத்துவிட்டாள். உலகக் கோப்பைக்குக் கிளம்பத் தயாராகும்படி கோச் போன் செய்தபோது பாதியிலேயே வைத்துவிட்டாள். அன்று மத்தியானம், கட்டிலில் உட்கார்ந்து தங்கச்சியின் காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தவள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"ஏன்டி கையைத் தூக்கல?"

"தூக்கத்தான் போனேன். நீ வந்துட்ட, முட்டியத் தொட்ட, எந்திரின்னு சொன்ன. உனக்குத் தெரியாததா? ஒண்ணுமில்ல போலிருக்கு, நான்தான் சும்மா பயந்துட்டேன்னு நினைச்சேன்."

அக்காவின் கை நின்றுவிட்டது.

"நான் பாக்கவே இல்லடி. நீ நடிக்கிறேன்னு நினைச்சேன். தொட்டேனே தவிர, பாக்கல."

தங்கச்சி தன் காலைப் பார்த்தாள். அது யாருடையதோ போல நெடுநேரம் பார்த்தாள்.

"அப்பவே பாத்து, வெளிய கூட்டிட்டுப் போயிருந்தா... ஆடியிருப்பேனா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆறுதலாக ஒரு பொய் சொன்னால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

"ஆடியிருப்ப" என்றாள் அக்கா.

அடிபட்ட நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூட அழாதவள் அப்போதுதான் அழுதாள். அக்காவின் தோளில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். குத்திக் கை ஓய்ந்ததும், அழுவதற்கு வேறு ஆள் இல்லாததால், அதே தோளில் சாய்ந்துகொண்டாள்.