எந்தப் பக்கம் திருகுவது

மேட்டில் செயின் கழன்று, விழுந்து கையை உடைத்துக்கொண்டவள் பெரியவள். முடங்கிப் போனவளோ சின்னவள். சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அவள்தான் அன்று காலை அக்காவின் சைக்கிளைச் சரிபார்த்துக் கொடுத்தாள். அன்றைக்குச் சாத்திய கடையை இன்னும் திறக்கவில்லை. எலும்பு கூடி மாவுக்கட்டும் பிரித்தாயிற்று, இவள் மட்டும் ஸ்பானரைத் தொடமாட்டேன் என்கிறாள். வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்படியே விட்டால் தொழிலையே தலைமுழுகிவிடுவாள் என்று பெரியவளுக்குப் பட்டது.

சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். ஒன்றும் வேலைக்காகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வாசலில் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு தானே குந்தினாள். தையல்காரிக்கு ஊசி தெரியும், கியர் தெரியுமா? செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிற முன்பக்கக் கியர் தகட்டில் இரண்டு திருகுகள் இருந்தன. கைக்கு வந்ததைத் திருகிவிட்டுப் பெடலைச் சுற்றினாள். செயின் தொபுக்கென்று உள்பக்கம் விழுந்தது. எடுத்து மாட்டி, மறுபடியும் திருகினாள்.

ஜன்னலில் நின்ற சின்னவளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அந்தப் பக்கம் திருகாத."

"வேற எந்தப் பக்கம்?"

"செயின் உள்ள போகாம தடுக்கிறதே அந்தத் திருகுதான். அத லூஸ் பண்ணிக்கிட்டே போனா விழாம என்ன பண்ணும்?"

"எனக்கென்னடி தெரியும். கை வேற வலிக்குது."

வலித்தது உண்மைதான். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள்.

சின்னவள் வந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினாள். செயினை உள்பக்கச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கி, அக்காவைப் பெடல் சுற்றச் சொல்லி, திருகைக் கால் சுற்று இறுக்கினாள். குனிந்து பார்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். தகடு செயினை உரசாமல், மயிரிழை இடைவெளியில் நின்றது.

"இரு, முதல்ல நான் ஓட்டிப் பாக்குறேன்."

"விழுந்தவ நான். நான்தான் ஏறுவேன்."

"வேணாம்க்கா. என்மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

"எனக்கு இருக்கு. அது போதும்."

சொல்லிவிட்டாளே தவிர, பெரியவளுக்கும் பயம்தான். அதே மேட்டில் மிதித்தாள். பாதியில் கியரை இறக்கினாள். செயின் சத்தமில்லாமல் சிறிய சக்கரத்தில் உட்கார்ந்தது. பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். விழுந்தால் தாங்கிக்கொள்ளக் கைகளை விரித்தபடி சின்னவள் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"ஏண்டி என் பின்னாலயே வர?" என்றாள் பெரியவள், மூச்சு வாங்க. "போய்க் கடையத் தெற."

சின்னவள் நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவி எடுக்க வீட்டுக்குத் திரும்பினாள்.