டிப்டன் கிளப்பில் டோன் பஞ்சாயத்து

நெவ் டிரான்டரும் கிளைவ் பார்ஜெட்டரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள். வளர்ந்தபின் ஒரே இசைக்குழுவில் ஆளுக்கொரு கிடாரை மாட்டிக்கொண்டு அந்தச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். தலைமுடி உதிர்ந்தது, தொப்பை வந்தது, சண்டை மட்டும் இளமையாகவே இருந்தது. இருவருக்கும் நடுவில் பேஸ் கிடாருடன் நின்றவள் கிளெண்டா யார்ட்லி. பகலில் பல் டாக்டரிடம் வரவேற்பாளர் வேலை. நாள் முழுக்கப் பல் துளைக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் இவர்களுடைய சத்தத்தைக் கேட்பாள்.

இந்தத் தடவை சண்டை, கிடார் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்பைப் பற்றி. இருவரும் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆம்ப் அது. ஒலிக்குக் குணம் கொடுக்கிற முன்பகுதி, அதாவது ப்ரீஆம்ப், அதில் தனியாகக் கழன்று வரும். ஆம்பின் முகத்தில் ஒரு பொந்து இருக்கும். அதில் செங்கல் அளவுப் பெட்டி ஒன்றைச் செருகினால் ஒரு டோன். அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் வேறு டோன். நெவ் ஒரு சிவப்புப் பெட்டி வாங்கினான். மறுவாரமே கிளைவ் கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றான். எழுபதுகளின் ராக் சத்தம் தன் பெட்டிக்குள்தான் குடியிருக்கிறது என்று இருவரும் சத்தியம் செய்தார்கள். ஆம்போடு சும்மா வந்த வெளிர்மஞ்சள் பெட்டி ஒன்றும் இருந்தது. அதை யாரும் மதிக்கவில்லை. பாட்டுத்தாள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை கிளப்பில் கச்சேரி. பார் பார்த்துக்கொள்ளும் டோரீனுக்கு அறுபதாவது பிறந்தநாள். அதற்குள் எந்தப் பெட்டி என்று முடிவாக வேண்டும். ஞாயிறு மதியம் அதே கிளப்புக்கு ஒத்திகைக்கு வந்த இடத்தில், கிடாரை வெளியே எடுக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

"உன் கறுப்புப் பெட்டி தேன்ல முக்குன பஞ்சு மாதிரி இருக்குடா. சத்தத்துல கூர் இல்ல, கடி இல்ல," என்றான் நெவ்.

"உன்னுது மட்டும்? தகரக் கூரைமேல ஆணி கொட்டுன மாதிரி. கிளெண்டா, நீ சொல்லு."

"எங்க டாக்டர் மிஷினும் நெவ்வோட பெட்டியும் அக்கா தங்கச்சி. உன்னுது, அவர் போடுற மயக்க ஊசி. போதுமா? வாசிக்கலாமா?"

போதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் உண்மை தெரியும் என்றான் கிளைவ். ஆனால் யார் வாசிப்பது? நெவ் வாசித்தால் தன் பெட்டிக்கு மட்டும் உயிரைக் கொடுப்பான். கிளைவும் அப்படியே. டிரம்ஸ் வாசிக்கிற பாரியோ விடுமுறைக்கு வேல்ஸுக்குப் போய், கேரவான் என்கிற வண்டிவீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தான்.

நெவ்வின் பார்வை கிளெண்டாமேல் விழுந்தது. "நீ வாசிம்மா. உனக்குத்தான் எந்தப் பக்கமும் கிடையாதே. பேஸ்காரி. ஈசியான நாலு சுரம் சொல்லித் தர்றேன், ஒவ்வொரு பெட்டியிலும் அதையே வாசி."

"சொல்லித் தர்றியா?" என்றாள் கிளெண்டா.

"பயப்படாத. மெதுவாவே காட்டுறேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடாரை வாங்கிக்கொண்டாள். இந்தக் குழுவுக்கு முதல்முதலில் அவள் வந்தது கிடார் வாசிக்கத்தான். ரெக்கார்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து வந்தாள். நெவ் வீட்டில் கதவைத் திறந்த இந்த இரண்டு பேரும், "கிடாருக்கு நாங்க இருக்கோம், பேஸ்தான் இல்ல," என்றார்கள். அவளும் சரி என்றுவிட்டாள். பேஸ் பிடித்துப்போயிற்று. ஆனாலும், கணவன் தூண்டிலோடு கால்வாய்க்குப் போகிற ஞாயிறு காலைகளில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்று குழுவில் யாரும் கேட்டதில்லை.

மேடையின் ஜரிகைத் திரை இழுக்கப்பட்டது. திரைக்குப் பின்னால் ஆம்பும் கிளெண்டாவும். முன்னால் இரண்டு நாற்காலிகளில் இரண்டு நீதிபதிகள். ஆளுக்கொரு குவளை பீர், நடுவில் பன்றித்தோல் வறுவல் ஒரு பாக்கெட்.

முதலில் சிவப்பைச் செருகினாள். நெவ் காட்டிய துண்டை அப்படியே வாசித்தாள். சத்தம் பல்லில் பட்டது.

"கறுப்பு," என்றான் நெவ் அலட்சியமாக. "சோம்பேறிச் சத்தம்."

தன்னுடைய சொந்தப் பெட்டியைத்தான் திட்டுகிறான் என்று கிளெண்டா சொல்லவில்லை. கறுப்பை மாட்டினாள். கிளைவ் காது கூசுவதாகச் சொல்லி, அதுதான் சிவப்பு என்று தீர்ப்பு எழுதினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு பாட்டுத்தாளை ஓரம் தள்ளிவிட்டு வெளிர்மஞ்சளை எடுத்தாள். தூசியை ஊதினாள், செருகினாள், ஒரே ஒரு சுரத்தைத் தட்டினாள். தட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். கனமாக அடித்தால் உறுமியது. கிடாரில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் உறுமல் அடங்கி, மனிதக் குரல் மாதிரி தெளிந்து வந்தது. விரல் என்ன நினைத்ததோ அதையே சொன்னது. நெவ் காட்டிய நாலு சுரத்தை ஒரு முறை வாசித்தாள். ஐந்தாவது தானாக வந்தது. அதற்குப்பின் அவள் யாருக்காகவும் வாசிக்கவில்லை. வீட்டில் மெல்லிய சத்தத்தில், அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்குமோ என்று பயந்து வாசித்ததையெல்லாம் இங்கே முழு ஆம்பில் இறக்கினாள். கம்பியை வளைத்து மேலே கொண்டுபோய், அங்கேயே கொஞ்ச நேரம் நடுங்கவிட்டு, அவசரப்படாமல் கீழே கொண்டுவந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கிளைவின் குரல் வந்தது. "இதாண்டா என்னுது! நான் சொன்னேன்ல?"

"உன்னுதா? மூஞ்சியப் பாரு! இந்தக் கடி சிவப்புக்கு மட்டும்தாண்டா வரும். கிளெண்டா, அடுத்தது போடு, ஒப்பிட்டுப் பாக்கலாம்."

அவளுக்குப் பெட்டியைக் கழற்ற மனம் வரவில்லை. "மாத்திட்டேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு அதிலேயே வாசித்தாள்.

"பாத்தியா, இப்ப சொதசொதன்னு ஆயிடுச்சு," என்றான் நெவ். "இது உன்னுது."

"காது கழுவுடா. இது உன்னுது. மிடில் அதிகம்."

"மறுபடி மாத்திட்டேன்!" என்றாள் கிளெண்டா. மாற்றவில்லை. வெளியே வாக்குவாதம் வால்வு, கெயின், கீச்சென்று ஒலிக்கிற ட்ரெபிள் என்று ஏறிக்கொண்டே போய், நெவ்வின் முதல் கல்யாணத்துக்குக் கிளைவ் போட்டுவந்த சட்டையில் போய் நின்றது. அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்.

பாரிலிருந்து டோரீன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "யாரது வாசிக்கிறது?"

"அது முக்கியமில்ல டோரீன்," என்றான் நெவ். "எந்தப் பெட்டிங்கறதுதான் கேள்வி."

"பெட்டியா? உள்ள டார்ட்ஸ் ஆடிட்டிருந்தவங்க ஆட்டத்த நிறுத்திட்டாங்க. ஆள் யாருன்னு கேக்கறேன், ரெண்டு தடியனுங்களும் பெட்டிங்கறீங்க." அவள் மேடையேறித் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். அங்கே கிளெண்டா முகம் சிவந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியிருக்க நின்றாள். ஆம்பில் வெளிர்மஞ்சள் பெட்டி. சிவப்பும் கறுப்பும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

கிளைவ் எழுந்து வந்து பெட்டியைப் பார்த்தான், கிளெண்டாவைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான். "கடைசி மூணும்…?"

"இதேதான்," என்றாள். "மன்னிச்சிடுங்கடா. எடுக்க மனசு வரல."

கிளைவ் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு பிறகு வந்தது. நெவ் சிரிக்கவில்லை. "எங்க கத்துக்கிட்ட?" என்றான்.

"உங்க வீட்டு வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். நீ கேக்கல."

நெவ் கிடாரை வாங்கி உறையில் வைத்து, ஜிப்பை இழுத்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனான். பகடியாக ஆரம்பித்தது இவ்வளவு தூரம் போகும் என்று கிளெண்டா நினைக்கவில்லை.

டோரீன் கவலைப்படவில்லை. "என் பொறந்தநாளு. இவ வாசிச்சாத்தான் கேக் வெட்டுவேன். பேஸ் யார் வாசிக்கிறதுன்னு நீங்களே அடிச்சிக்கோங்க."

செவ்வாய்க்கிழமை பல் டாக்டரின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நெவ் வந்தான். பல்லுக்கு ஒன்றுமில்லை. காத்திருப்பவர்கள் வரிசையில் உட்கார்ந்து, பழைய பத்திரிகையைப் புரட்டி, கடைசியில் மேசைக்கு வந்தான்.

"உன் பேஸ எனக்குக் கொடு. கிளைவ் பாடறான், பாடிக்கிட்டே பேஸும் வாசிக்க அவனால முடியாது. நாலே கம்பிதான, நான் பாத்துக்கறேன்."

"நாலே கம்பிதான்," என்றாள் கிளெண்டா. சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டாள்.

"அன்னிக்குக் கதவத் திறந்தப்ப," என்று இழுத்தான் நெவ், "உன்ன ஒரு பாட்டாவது வாசிக்கச் சொல்லியிருக்கலாம்." கிளெண்டா அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டு, சாவிக்கொத்தை அவனிடம் நீட்டினாள். பேஸ் அவளுடைய கார் டிக்கியில் இருந்தது.

சனிக்கிழமை கிளப் நிரம்பி வழிந்தது. இரண்டாம் பாதியில் இடம் மாறிக்கொண்டார்கள். ஆம்பில் வெளிர்மஞ்சள் பெட்டிதான். கிளெண்டா முதல் பாட்டில் தடுமாறினாள். இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவதில் டோரீன் கேக் கத்தியோடு நாற்காலிமேல் ஏறிவிட்டாள். நெவ் தலை நிமிரவே இல்லை. கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே, கேரவானிலிருந்து திரும்பிய பாரியின் டிரம்ஸைத் துரத்தி ஓடினான். இரண்டு இடத்தில் விட்டான். அப்போதெல்லாம் கிளெண்டா திரும்பிக் கண்ணாலேயே சுரம் காட்டினாள்.

சாமான்களை வேனில் ஏற்றிவிட்டு எல்லாரும் பக்கத்திலிருந்த வறுத்த மீன், சிப்ஸ் கடைக்குப் போனார்கள். பேஸின் தடித்த கம்பி உரசி, நெவ்வின் வலது கை விரல்களில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. சிப்ஸ்மேல் வினிகரைத் தாராளமாக ஊற்றிவிட்டு, கையாலேயே அள்ளினான்.

அவன் போட்ட அலறலில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ட்ரெபிள் கொஞ்சம் அதிகம்," என்றான் கிளைவ்.

கிளெண்டா தன் தட்டிலிருந்த மர முள்கரண்டியை எடுத்து நெவ்விடம் கொடுத்தாள்.