முதல் பொறிக்கு யார் துணை?

முற்பகல் பதினொன்றரை மணி. மாநகரத்தின் பாதி வீடுகளுக்கு மின்சாரம் அனுப்பும் எரிவாயு மின்நிலையத்தில் இரண்டாவது இயந்திரம் விடிந்ததிலிருந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அதற்கு வாயு கொண்டுவரும் குழாய் விரிசல் விட்டிருந்தது. வால்வை அடைத்து, குழாயைக் காலி செய்து, வெல்டிங் முடித்தால்தான் அது எழுந்திருக்கும்.

மேற்பார்வையாளருக்குக் கைபேசியைக் கீழே வைக்க நேரமில்லை. மேலாளர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எப்போது முடியும் என்று பிடுங்கினார். நடுவில் மனைவி வேறு.

"ஃபேன் நின்னதுக்கு நான்தான் காரணங்கிற மாதிரி உங்கம்மா என்னையே மொறைக்கிறாங்க. ஊருக்கே கரண்ட் குடுக்கிற மகன் வீட்டுக்குக் குடுக்க மாட்டானான்னு கேக்கிறாங்க."

வெல்டிங்குக்கு முன்னால் குழாயில் வாயு மிச்சமில்லை என்று கருவி வைத்துப் பார்த்து, அளவை அனுமதிச் சீட்டில் எழுதிக் கையெழுத்திடுவது இவர் பொறுப்பு. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் ஒன்பது வருடமும் கருவி பூஜ்யத்தைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. ஒரே விலைக் கடையில் யார் பேரம் பேசுவார்? ஆகவே திங்கட்கிழமை தேநீரோடு உட்கார்ந்து, வாரம் முழுதுக்குமான சீட்டுகளில் பூஜ்யம் எழுதிக் கையெழுத்தும் போட்டு இழுப்பறையில் அடுக்கிவிடுவார். கேட்டவுடன் சரக்கு கைக்கு வந்துவிடும்.

சீட்டு வாங்க வந்த வெல்டர், ஒப்பந்தக்காரர் அனுப்பிய புது ஆள். புருவத்தில் பழைய தீத்தழும்பு. சீட்டை, சாயம் போகுமா என்று துணியைப் பார்ப்பவர்போல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இன்றைக்குப் பார்த்த அளவுதானா என்று பணிவாகக் கேட்டார். இப்போதுதான் பார்த்துவிட்டு வந்ததாக மேற்பார்வையாளர் கண்ணிமைக்காமல் சொன்னார்.

"அப்ப சரி சார். ஒரே ஒரு உதவி. நான் மொதப் பொறி போடறப்ப நீங்க என் பக்கத்துல நில்லுங்க."

மேற்பார்வையாளர் தலைக்கு மேல் வேலை கிடப்பதாகச் சொன்னார். அரை நிமிடம் போதும் என்றார் வெல்டர். மேலாளர் கூப்பிடுவார் என்றார் இவர். கைபேசியையும் எடுத்து வரலாமே என்றார் அவர்.

"நீங்க பாத்த குழாய்தானே சார்?"

இவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். கதவு வரை வந்த கால் அங்கேயே நின்றுவிட்டது. வாய் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லும். கால் கொஞ்சம் நாணயமானது. திரும்பிப்போய், அலமாரியில் தூசி படிந்திருந்த கருவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

குழாயின் விரிசலருகே நீட்டியதும் கருவி அலறியது. மூடிவிட்டதாக எல்லோரும் நம்பிய வால்வு, வாயுவைச் சத்தமில்லாமல் கசியவிட்டுக்கொண்டிருந்தது. இருவரும் பின்னோக்கியே நடந்து வெளியே வந்தார்கள். வெல்டர் கையுறையைக் கழற்றினார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று மட்டும் சொன்னார், யாரும் கேட்காமலே.

கைபேசியில் மேலாளர். வால்வை மாற்ற இன்னும் மூன்று மணி நேரமாகும் என்றதும் குதித்தார். பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கும்போது என்ன தாமதம் என்றார். மேற்பார்வையாளர் வெல்டரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"அந்தப் பூஜ்யம் பொய் சார். உக்காந்த எடத்துலயே எழுதினது. வேலை போனாலும் போகட்டும். கண்ணால பாக்காம போடற கையெழுத்து, நமக்குச் சொந்தமில்லாத உயிர வித்துக் குடுக்கிற மாதிரி. நான் நிக்கப் பயப்படற எடத்துக்கு இன்னொருத்தர அனுப்பி இனிமே கையெழுத்துப் போட மாட்டேன்."