இழுத்த கயிறு

வாஸ்கு ஜெட் ஸ்கியை நுரைக்குள் நேராக விட்டான்.

"எங்கடி ஆளு?" என்று தோளில் கட்டியிருந்த வாக்கி டாக்கியில் கேட்டான்.

மேலே, கலங்கரை விளக்கத்துச் சுவரில் நின்று பார்த்துச் சொல்வது அவன் மனைவி இல்டா. அலைச்சறுக்கில் பலகையிலிருந்து கடலுக்குள் விழுந்திருப்பவன் அவளுடைய அண்ணன் தோமே.

"தெரியல. எல்லாம் வெள்ளையா இருக்கு. பலகை மட்டும் பாறைப் பக்கம் போகுது."

"சிவப்புச் சட்டைடி. உப்பினா பூசணிக்கா மாதிரி தெரியணுமே."

"உப்பலையே, வாஸ்கு."

மிதவைச் சட்டையின் கயிற்றை இழுத்தால் உள்ளிருக்கும் சின்ன வாயு சிலிண்டர் திறந்து, சட்டை பலூனாகும். ஆள் மேலே வந்துவிடுவான். அந்தச் சட்டையை அணிபவனே தயார் செய்வதில்லை என்பது இவர்கள் கொட்டகையின் வழக்கம். யார் போய்த் தூக்கப்போகிறானோ அவன்தான் சிலிண்டரைத் திருகி, கயிற்றின் கைப்பிடியை மார்பில் செருகிவிட வேண்டும். இன்று காலை திருகியவன் வாஸ்கு. அது வேலை செய்யவில்லை என்றால் இனி எவனும் அவனை நம்பிக் கடலில் இறங்க மாட்டான். அவனே இறங்க மாட்டான்.

அடுத்த அலை வந்து தலைக்கு மேல் நின்றது. ஒதுங்கி அதைப் போகவிட்டான். அதற்கடுத்ததும் போயிற்று.

"இடது பக்கம். கருப்பா ஏதோ தெரியுது. தலைதான்," என்றாள் இல்டா.

வாஸ்கு குனிந்து, கழுத்துப்பட்டையைப் பிடித்து, ஸ்கியின் பின்னால் இழுபடும் மெத்தையில் தோமேவைத் தூக்கிப் போட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ கடல்நீரை வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. அது போதும் என்று இருந்தது.

துறைமுகக் கொட்டகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தோமே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். பதினாறு குளிர்காலமாக இந்தக் கடலின் அலைகளில் ஏறுபவன். பீர் விளம்பரத்தில் வந்த முகம். போன வருடம் கழுத்தெலும்பில் அடிபட்டு மூன்று மாதம் படுத்தவன், எழுந்ததும் முதலில் கேட்டது பலகையைத்தான்.

"இழுத்தேன் மச்சான். கீழ கும்மிருட்டு. இடது கை முதுகுக்குப் பின்னால மாட்டிக்கிச்சு. வலது கையால நல்லா இழுத்தேன். சட்டை ஒண்ணும் பண்ணல."

"சரி."

"உன்னைக் குத்தம் சொல்லல."

"சொல்லு. பரவாயில்ல."

வாஸ்குவுக்குக் கோபமோ பயமோ வரவில்லை. ஈரச் சட்டையை மேசையில் விரித்தான். இல்டா கீரை சூப்பைத் தகரக் கிண்ணங்களில் ஊற்றியபடி, "நாளைக்கு இதைவிடப் பெருசு வருதாம். எவனும் போக வேண்டாம்," என்றாள்.

"நான் போறேன். இவன் சட்டையை ஒழுங்காத் திருகினா போதும்," என்றான் தோமே.

"உனக்குத் திருக வேண்டியது சட்டை இல்லண்ணே, மண்டை."

தோமே சிரித்தான். வாஸ்கு சிரிக்கவில்லை. கயிற்றின் கைப்பிடி, காலையில் அவன் செருகிய இடத்திலேயே, செருகிய மடிப்புக் கலையாமல் இருந்தது. யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தான். நிறைந்திருந்தது.

இவன் இழுக்கவே இல்லை.

சாக நினைத்தானா? அந்த எண்ணமும் வந்து, ஒன்றும் செய்யாமல் போயிற்று. தன் கிண்ணத்தைக் கையில் எடுத்தவன், சுட்டதால் உடனே கீழே வைத்தான். அதே கொதிப்பில் இருந்த இன்னொரு கிண்ணத்தைத் தோமே வலது உள்ளங்கையில் தாங்கியபடி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

இந்த சீசன் முழுக்க, அலைக்கு இழுத்துப் போகும் ஸ்கியின் இழுவைக் கயிற்றைத் தோமே பார்த்துப் பார்த்தே பிடித்தது வாஸ்குவுக்கு நினைவு வந்தது. 'என்ன மச்சான், வளையல் கடைக்கு வந்த மாதிரி பாக்கிற?' என்று இவன் கேலிகூடப் பண்ணியிருந்தான். கடலுக்கு மேலே பார்த்துப் பிடிக்கக் கண் இருந்தது. கீழே இருட்டு.

"கிண்ணத்தை வை," என்றான் வாஸ்கு. "வலது கையை மேசைமேல வை. விரிச்சு. கண்ணை மூடு."

"என்ன மச்சான், கைரேகை பாக்கப் போறியா?"

"மூடு."

தோமே மூடினான். உள்ளங்கை சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. வாஸ்கு அதன் நடுவில் அந்தச் சிலிண்டரை வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன்மேல் மூடினான். இல்டா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"கையில என்ன இருக்கு?"

தோமே கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

"நீ இன்னும் எதுவும் வைக்கலையே மச்சான்."