பரவையில் நான்காம் அத்தியாயம்

சிவக்குமார் அழகைப் பற்றி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவன். பழங்கிரேக்க இசைப்பாடல்களில் அழகு என்பதுதான் அவனுடைய முனைவர் பட்ட ஆய்வு. காளவாசல் டீக்கடைக்காரருக்குக்கூட அது தெரியும், ஏனென்றால் யாரும் கேட்காமலே அவன் சொல்லியிருக்கிறான். அப்பேர்ப்பட்ட அறிஞன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரவைக்குப் பெண் பார்க்கப் போனான்.

பெண் ரோகிணி. அப்பா மலையாண்டியின் காய்கறிக் கமிஷன் கடையை மார்க்கெட்டில் அவள்தான் நடத்துகிறாள். காபியை நீட்டிவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்ததும் இவனுக்கு வேறு பெண்ணே வேண்டாம் என்றாகிவிட்டது. 'பிடிச்சிருக்கு' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே பூ வைத்து முடித்திருப்பார்கள்.

"என்ன மாப்ள, பொண்ணு அழகா இருக்குல்ல?" என்று அவனுடைய தாய்மாமன் விருமாண்டி எடுத்துக்கொடுத்தார்.

அழகு என்ற சொல் காதில் விழுந்ததுதான் வினையாகப் போயிற்று. சிவக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கிரேக்கக் கவிஞர்களப் பொறுத்தவரைக்கும் அழகு பொண்ணுகிட்ட இல்ல மாமா. விரும்புறவன் மனசுலதான் இருக்கு."

மலையாண்டி எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்தார். ரோகிணியின் அம்மா பூச்சரத்தோடு உள்ளே போய்விட்டாள். இவன் விளக்கினான், விளக்க விளக்கக் காரியம் கெட்டது. மூக்கு உடைந்த சிலைகூட அழகுதான் என்று அவன் சொன்னபோது விருமாண்டி செருப்பைத் தேட ஆரம்பித்தார். தன்னைப் போல் ஒரு மடையன் மதுரை ஜில்லாவிலேயே இல்லை என்று பின்னாளில் அவனே ஒப்புக்கொண்டான்.

ரோகிணி மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "கிரேக்கக்காரங்க சொன்னதெல்லாம் கேட்டாச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

அழகின் முன்னால் நாக்கு எழாது, உடம்பு வேர்க்கும், கை நடுங்கும் என்று அந்தக் கவிஞர்கள் பாடியதை அவன் தன் ஆய்வின் நான்காம் அத்தியாயத்தில் 'மிகை' என்று தள்ளியிருந்தான், அதுவும் அடிக்குறிப்போடு. இப்போது வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. டம்ளர் தளும்பிப் புதுச்சட்டையில் காபி கொட்டியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை. இவளை இழக்கப்போகிறோமே என்று கண் கலங்கிவிட்டது.

ரோகிணி அவன் கையையே பார்த்தாள். பிறகு டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அம்மா, பூவக் கொண்டு வாங்க. இவருக்குப் பிடிச்சிருக்கு, எனக்கும்தான்," என்றாள். "கல்யாணத்தன்னைக்கு மட்டும் இவரு கையில மைக்கக் குடுத்துறாதீங்க."